ஒரே கிண்ணம்

"அந்த ஆளு வாய் வச்ச கிண்ணத்துல நாங்க வாய் வைக்கணுமா ஐயா? நீங்களே சொல்லுங்க."

கேட்டது ஞானசிகாமணி. போடி பஜாரில் ஜவுளிக்கடை. சபைக்குச் செயலாளர் வேறு. அவரிடம் போதகர் என்னத்தைச் சொல்வார், பாவம்!

அந்த ஆள் என்றால் ஏசுதாசன். ஏலக்காய்க் கிட்டங்கிக்குப் புதிதாக வந்திருக்கும் வாட்ச்மேன். மடங்கிப்போன விரல்களைப் பார்த்தாலே தெரியும், குஷ்டம் வந்து போன உடம்பு.

"அவருக்குச் சுத்தமாக் குணமாயிருச்சு தம்பி. ஆஸ்பத்திரிக் கடுதாசியக் கொண்டாந்து காட்டுனாரே."

"கடுதாசியவா ஐயா குடிக்கப் போறோம்? மாசத்துக்கு ஒரு திருவிருந்து. இருக்கிறது ஒரே கிண்ணம். அம்புட்டுப் பேரும் அதுலதான் திராட்ச ரசம் குடிக்கிறோம். புள்ளகுட்டிக்காரங்க நாங்க. ஒண்ணு, அவரு வரக்கூடாது. இல்லையா, கடைசி ஆளா வரட்டும்."

கடைசி ஆளாக என்று முடிவானது.

"வராதேன்னு சொல்லாம விட்டீகளே, அதுவே போதும்யா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார் ஏசுதாசன். ஞானசிகாமணிக்கு மனசு லேசாகிவிட்டது.

அந்த மாதத் திருவிருந்தில்தான் இன்னொரு கூத்து அவர் கண்ணில் பட்டது.

பலசரக்குக்கடை தங்கபாண்டி அண்ணாச்சி எப்போதும் முதல் ஆளாகப் போய்ப் பீடத்தின் முன்னால் முழங்கால் போடுகிற மனுஷன். அன்றைக்கு எல்லாரும் எழுந்தபோது அவர் பாட்டுக்கு வாசல் பக்கம் நழுவினார். அடுத்த மாதமும் அதே கதை.

மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு திருவிருந்து எடுக்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் அண்ணாச்சி மனசில் என்ன இருக்கிறது? தராசில் கை வைத்துவிட்டாரோ? வேறு ஏதாவது சகவாசமோ? ஞானசிகாமணி தன் கவலையைப் பஜாரில் நாலு பேரிடம் சொல்லி ஆறுதல் தேடிக்கொண்டார்.

மூன்றாவது மாதம், கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று தீர்மானித்தார். மற்ற நாளாக இருந்தால் கிண்ணத்தில் வாய் வைத்ததும் ஒரு சின்ன ஜெபம், பிறகு கறிக்குழம்பு கொதிக்கிற வீட்டைப் பார்த்து நடை. சபையே அப்படித்தான். அன்று மட்டும் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

ஆலயம் காலியானது. ஏசுதாசன் தனியாகப் போய் முழங்கால் போட்டார். மடங்கின விரல்களால் கிண்ணத்தை அணைத்துப் பிடித்துக் குடித்தார்.

வாசலிலிருந்து தங்கபாண்டி வந்தார். ஏசுதாசனை உரசினாற்போல முழங்கால் போட்டார். கிண்ணத்தின் விளிம்பைத் துடைக்கப் போதகர் துணியை எடுத்தார்.

"வேணாம்யா" என்றார் தங்கபாண்டி. அப்படியே வாங்கிக் குடித்தார்.

ஞானசிகாமணி வாசலுக்கு ஓடினார். வெளியே வந்த தங்கபாண்டியை மடக்கிப் பிடித்தார்.

"என்ன காரியம் பண்றீக அண்ணாச்சி! பேரன் பேத்தி எடுத்த மனுஷன். ஒட்டிக்கிட்டா?"

"ஒட்டாது தம்பி."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

தங்கபாண்டி சுற்றுமுற்றும் பார்த்தார். சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த வடு.

"எனக்கும் முந்தி வந்தது அதே நோவுதான். சரக்கெடுக்கப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போயி மாத்திர வாங்கித் தின்னேன். இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னப்புறந்தான் கிண்ணத்துல வாய் வச்சேன்."

ஞானசிகாமணி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அவரு விரலு காட்டிக் குடுத்துருச்சு, கடைசிக்குத் தள்ளிட்டீக. நான் சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சேன், மொத ஆளா நின்னேன். நானுந்தான்னு அன்னைக்கே எந்திரிச்சுச் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன் தம்பி. அவருக்குப் பின்னாடி ஒரு ஆளாவது நிக்கலாமேன்னுதான்..."

தங்கபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது சரி, ஒட்டுமா ஒட்டாதான்னு எங்கிட்டயா கேக்குறீக? பத்து வருஷமா நான் குடிச்சுக் குடுத்த கிண்ணத்துல, எனக்கு அடுத்து வாய் வச்சது நீங்கதானே தம்பி?"