கேள்வி கேட்காத பட்டன்

நவி மும்பை ஐரோலி அலுவலகத்தில், கம்பெனியின் சொந்தத் தளத்துக்காகப் பொன்செல்வி எழுதிய புரோகிராமைத் திறந்ததுமே வெங்கி முகம் சுளித்தான். அவளை வேலையில் நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இன்று மாலைக்குள் அவன்தான் சொல்ல வேண்டும். அனுப்புவதென்று எப்போதோ முடிவு செய்துவிட்டான். ஒரு காரணம்தான் தேவைப்பட்டது.

"அரே, ஒரு பட்டன் டேட்டா வெச்சிருக்கற ஸ்டோருக்குள்ள நேரா கையை விடறதா? உங்க தாராவியில எந்தக் கிளாஸ்ல இப்படிச் சொல்லிக் குடுத்தா?"

"அமுக்குனா, நெசமாத்தானான்னு ஒரு தடவ கேட்டுட்டு..."

"பட்டன் எதுக்கும்மா கேக்கணும்? அதுக்கு மூளையே இருக்கப்படாது. செய்யவேண்டிய ஆக்‌ஷனை மேலேருந்து அந்தந்தப் பக்கமே அனுப்பும். பட்டன் அதை ஓட்டினாப் போறும்."

அவள் மாற்றிக் கொடுத்தாள். இப்போது பட்டன் ஸ்டோரைத் தொடவில்லை, எதையும் கேட்கவில்லை. மேலிருந்து வரும் ஆக்‌ஷனை வாங்கி ஓட்டியது, அவ்வளவுதான். எங்கேயாவது உடையும் என்ற நம்பிக்கையில் வெங்கி அதை வழக்கம்போல நேராக, கம்பெனி முழுக்கப் பயன்படுத்தும் லைவ் தளத்தில் ஏற்றினான்.

"சார், மொதல்ல டெஸ்ட் சர்வர்ல போட்டுப் பாக்கலாமே. இது லைவு..."

"எனக்கே பாடமா?"

தன் லாகினில் முதலில் வந்த பக்கத்தைத் திறந்து, என்ன பக்கமென்றும் படிக்காமல் பட்டனை அமுக்கினான். உடையவில்லை. திரையில் பச்சை டிக் வந்தது; கூடவே பொன்செல்வியின் போனில் ஒரு மெசேஜ் வந்தது.

"உங்கள் வேலை இன்று முதல் நிரந்தரமாக்கப்படுகிறது. ஒப்புதல்: வெங்கி."

அந்தப் பக்கத்தில் அவன் ஒப்புதலுக்குக் காத்திருந்தது ஒரே ஒரு பெயர்தான்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்," என்றாள் பொன்செல்வி. "எல்லாருக்கும் பேடா வாங்கியாரட்டா?"