பின்னறைக்கு எந்த நிறம்?

மாட்டுத்தாவணி அருகே இருந்த டைல்ஸ் கடையில், திருநகர் வீட்டு ஹாலுக்குச் சந்தன நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் சபிஹா.

“பின்னால இருக்கிற ரூமுக்கு எந்தக் கலரும்மா? நீங்க சொல்லுங்க” என்று பக்கத்தில் நின்ற மெஹருன்னிசாவிடம் கேட்டாள்.

“அதுக்கு என்ன அவசரம்? அடுத்த மாசம் நிக்காஹ். ஹாலும் உங்க ரூமும் முடிஞ்சாப் போதும்” என்றார் மெஹருன்னிசா.

கடைக்காரர் குறுக்கிட்டார். “பின் ரூம் யாருக்கு? மாப்ளயோட அம்மாவுக்கா?”

“அவருக்கு அம்மா இல்லண்ணே. இவங்களுக்குத்தான்.”

“பரவாயில்லையே, பெத்த தாயக் கூடவே வச்சுக்கிறீங்க!”

“நான் பெத்தவ இல்ல தம்பி” என்றார் மெஹருன்னிசா. “இவ மாமியா. எம் மகன் ஆசிப் மவுத்தாகி மூணு வருஷமாச்சு. இன்னொரு நிக்காஹுக்கு நாந்தான் இவள சம்மதிக்க வச்சேன். அதுக்காகப் போற வீட்டுலயும் போயி ஒட்டிக்க முடியுமா?”

சபிஹா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்கம்மாவும் கூட வருவாங்கன்னு பரீத்கிட்ட மொத நாளே சொல்லிட்டேன். சரின்னதுக்கு அப்புறந்தான் நான் சம்மதிச்சேன்.”

மெஹருன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, அடுக்கியிருந்த டைல்ஸ் பக்கம் திரும்பினார்.

“அந்த இளம்பச்சைய எடுங்க தம்பி. வழுக்காதுல்ல?”