கொண்டுபோனவரே வரணும்

அந்தச் சுங்க அதிகாரி சட்டத்தை மீறிச் சிரித்ததுகூடக் கிடையாது. வெளிநாட்டுப் பயணத்துக்கு மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோனவரேதான் திரும்பி வந்ததும் அதைச் சுங்கக் கிடங்கிலிருந்து மீட்க வேண்டும். தவறினால் அன்று மாலையே ஏலம்.

“வண்டி என் தம்பியோடது சார். அம்மா அதையாவது வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாங்க.”

“தம்பி ஊருக்கு வரலையா?”

“காலையிலேயே வந்துட்டான்.”

“அப்புறம் என்ன, இங்க வரக் கால் வலிக்குதா? தொரையை நாலு பேர் தூக்கிட்டு வரணுமோ?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

“ஆமா சார். பக்கத்து சரக்கு ஷெட்ல அவனை ஒரு கேள்வியும் கேக்காம விட்டுட்டாங்க. அவனை வெச்ச பெட்டி வாசல்லதான் இருக்கு. உள்ள தூக்கிட்டு வரட்டுமா?”