அகப்பை ஒப்புக்கொடுத்த பார்லி

வீட்டிலேயே கசப்பு பீர் காய்ச்சுகிற ஒரு அடுப்படியில் மர அகப்பை ஒன்று இருந்தது. முளைகட்டி, காயவைத்து, உடைத்த பார்லியைச் சுடுதண்ணீரில் கலக்கிவிட்டது அதுதான். இனி ஒரு மணி நேரம் சூடு குறையாமல் ஊறினால்தான் பார்லியின் இனிப்பு தண்ணீரில் இறங்கும். கசப்புப் பூ போடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். இனிப்பு இறங்காவிட்டால் பீரே கிடையாது.

"ஆண்டவரே, இந்தப் பார்லிப் பிள்ளையை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுத்துவிட்டேன்" என்று ஜெபித்தது அகப்பை. பானைமேல் மூடி ஏறி உட்கார்ந்தது.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அகப்பை வந்து மூடியை நெம்பியது.

"என்னக்கா?" என்றது மூடி.

"ஒண்ணுமில்லப்பா. ஊறுதான்னு பார்த்தேன்."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. அப்புறம் மறுபடியும். நாலாவது தடவை பானைக்குள்ளிருந்து பார்லியே கத்திவிட்டது: "அம்மா, குளிருதும்மா! கதவைச் சாத்துங்க!"

அகப்பைக்குத் திக்கென்றது. "ஐயோ, சூடு போயிருச்சா? இனிப்பு இறங்குமா?"

"இன்னும் கொஞ்சம் சூடு இருக்கு. நீங்க மனசு வச்சா இறங்கும்" என்றது மூடி. "ஆண்டவர்கிட்டதான் ஒப்புக்கொடுத்தாச்சே, அப்புறம் எதுக்குக்கா வந்து வந்து எட்டிப் பார்க்கிறீங்க?"

"அவர் பார்த்துக்கிறாரான்னு பார்க்கத்தான்" என்று இழுத்தது அகப்பை.

"பார்த்துக்கிட்டுதான் இருந்தார். நீங்க திறந்து திறந்து விட்ட ஆவிதான் அவர் கண்ணை மறைச்சிருச்சு."

அகப்பை மூடியை இறுக்கிச் சாத்திவிட்டுப் போய் ஆணியில் தொங்கிக்கொண்டது, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி. பானைக்குள் பார்லி மெல்ல இனிக்கத் தொடங்கியது.