வீட்டில் யார் யார்

நெஞ்சில் அடி ஏதும் பட்டதா என்று டாக்டர் ஷர்லி கேட்டார்.

இல்லை என்றேன்.

என் மகன் செம்மல் கட்டிலில் முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறது. முப்பத்திரண்டு வயது.

இதயத்தைச் சுற்றியுள்ள உறை வீங்கி, நீர் கோத்திருக்கிறதாம். காலையில் ஊசி வைத்து எடுத்தார்கள். மாலைக்குள் மறுபடி சேர்ந்துவிட்டது.

சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, மூட்டு வலி உண்டா, சிறுநீரகத்தில் கோளாறா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மருமகள் செல்வராணி வாய் திறப்பதற்குள் நானே பதில் சொன்னேன். எங்கள் வீட்டில் அதுதான் முறை.

"வீட்டுல யாருக்காவது டிபி இருந்துச்சாங்க ஐயா? எடுத்த நீர்ல கிருமி தெரியலை. சில பேருக்கு டிபி இருந்தாலும் கிருமி தெரியாது. அதான் கேக்குறேன். இருந்துச்சுன்னா மருந்த இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம்."

"கொடும்பாளூர்ப் பக்கம் வந்து எங்க குடும்பத்தப் பத்தி விசாரிச்சுப் பாருங்க. கோயில்ல மொதத் திருநீறு வாங்குற வீடு. அந்த நோயெல்லாம் எங்க வாசப்படி ஏறாது."

செல்வராணி தயங்கினாள்.

"போன வருசம் நீங்க மூணு மாசம் இருமிக்கிட்டே கெடந்தீங்களே மாமா."

"அது பொகையெல இருமல்."

செம்மல் மூச்சுக்கு நடுவே சிரித்தான். "விடு செல்வி. அப்பாவக் கேக்காம இருமல்கூட உள்ள வராது."

டாக்டர் கையிலிருந்த தாளில் ஒரு வரியை அடித்தார். வேறு காரணம் தேட வேண்டும், நாலைந்து நாளாகும் என்றார்.

"அதுவரைக்கும் தாங்குவாராங்க?" என்றாள் செல்வராணி.

டாக்டர் அவள் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனார்.

மறுபடி நீர் எடுக்கச் சம்மதம் கேட்டு நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தாள். பேனாவை மருமகளிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'தந்தை' என்று எழுதினேன்.

போன வருடமும் இப்படி ஒரு படிவம். திருச்சியில், யாரும் என்னை அறியாத ஓர் ஆஸ்பத்திரி. மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம்.

டிபி என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை என்றார்கள். வீட்டிலிருப்பவர்களையும் சோதிக்க வேண்டும், யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

எனக்கு யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.