டிரைவர் சீட்

எங்கள் முதல் கார் பத்தொன்பது வருடங்களாக வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. ஓய்வு பெற்ற மறுவாரமே அதைச் சரிபண்ண உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் சீட்டைக் கழற்றி, அது நகரும் தண்டவாளத்தின் துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி மாட்டினேன். சீட்டை நிறுத்த அதில் எட்டுப் பற்கள் உண்டு. நான் நெட்டை, கடைசிப் பல்லில் நிறுத்தினேன்.

மறுநாள் காலையில் சீட் இரண்டாவது பல்லில் இருந்தது. அது என் மனைவியின் அளவு. அவள் இறந்து மூன்று வருடம் ஆகிறது.

பின்னால் தள்ளினேன். அடுத்த நாளும் முன்னால் வந்திருந்தது. அதற்கடுத்த நாளும்.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். நீங்களே தள்ளிட்டு மறந்திருப்பீங்க. வேணும்னா போல்ட் போட்டு இறுக்கிடவா?"

"வேண்டாம்" என்றேன்.

மறதியா, எனக்கா? அவள் இந்தக் காரில் ஓட்டப் பழகியது ஒன்பதே நாள். ஒன்பதாம் நாள் சிக்னலில் வண்டி அணைந்து நின்றது. நாலு பேர் பார்க்கக் கத்தினேன். "கிளட்ச்சைப் பட்டுன்னு விடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? மரமண்டை!" அவள் இறங்கிச் சுற்றி வந்து, நான் இருந்த இடது பக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அதன்பிறகு கடைசிவரை சாவியைத் தொடவில்லை.

இன்று எஞ்சின் ஓடியது. அதை ஓடவிட்டு இறங்கினேன். சீட்டை அவள் அளவுக்கு நகர்த்தி வைத்தேன். சுற்றிப் போய் அவள் உட்கார்ந்த பக்கம் உட்கார்ந்தேன்.

"மெதுவா எடு" என்றேன். "நான் வாயே திறக்க மாட்டேன்."

கிளட்ச் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது.