பத்தொன்பதாவது நிமிடம்

“படத்தை நிறுத்தி வச்சா, உள்ள நிக்கிறவங்களுக்குக் கால் வலிக்காதாப்பா?” என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

வீட்டு வீடியோவை டிவிடியில் எழுதித் தரச் சொல்லியிருந்த பெண், நான் எழுதிக் கொடுத்த இரண்டாவது டிவிடியையும் என் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் ஓங்கி வைத்தாள்.

“மறுபடியும் அதே இடத்துல சிக்குது. செத்துப்போன தன் பிள்ளை வீட்டுக்குள்ள நடந்து வர்றதைப் பார்க்கணும்னு மாமியார் படுக்கைல கிடந்து தவிக்கிறாங்க. உங்களுக்கு விளையாட்டா இருக்கா?”

“உங்க பிளேயர்தாம்மா ஓட்டை. தூக்கிப் போடுங்க!” என்று நானும் கத்தினேன்.

“இந்தாங்க பிளேயர். நீங்களே ஓட்டிக் கிழிங்க!” என்று அதையும் வைத்துவிட்டுப் போனாள்.

ஆத்திரத்தோடு இரண்டு டிவிடிகளையும் அந்தப் பிளேயரில் ஓட்டினேன். பத்தொன்பதாவது நிமிடத்தில் இரண்டும் உறைந்தன. முதலாவதில் அவள் கணவர் வாசலில் நின்றிருந்தார். இரண்டாவதில் வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் கொடுத்த வீடியோவில் அவர் எங்கும் உட்காரவில்லை.

தப்பு என்னுடையதுதான். படம் தெளிவாக வரட்டும் என்று நொடிக்கு இவ்வளவு தகவல் என்கிற பிட்ரேட்டை உச்சத்தில் வைத்திருந்தேன். பழைய பிளேயரால் அவ்வளவு வேகமாகப் படிக்க முடியவில்லை. அதைப் பாதியாகக் குறைத்து மூன்றாவது டிவிடியை எழுதி, அதே பிளேயரில் ஓட்டினேன்.

கடையில் யாரும் இல்லை. சிக்குகிறதா என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு நிமிடம் ஓடினால் போதும். ஆனாலும் அவர் மெல்ல எழுந்து, வாசலைக் கடந்து, கூடத்தில் தன் அம்மாவின் பக்கத்தில் போய் உட்காரும்வரை நான் ரிமோட்டைத் தொடவில்லை.